தம்பிக்கு நெஞ்சு வலித்தால் (3)

அந்தப் பேனாவ மூடி வைங்க சார். கோவிச்சுக்கிடாதிய. பஸ்ஸு கெளம்புனதுல இருந்து பாத்துக்கிட்டே வாரேன், மனசு பொறுக்கல. 'இடமிருந்து வலம், மூணு எழுத்து, தமிழ் மாதங்களில் ஒன்று.' இது ஒரு புதிரா? வைகாசியும் மூணு எழுத்துதான், ஆவணியும் மூணு எழுத்துதான். எதைப் போட? கீழ என்ன கேட்டிருக்கான் பாருங்க. 'நன்றியுள்ள பிராணி.' த்தூ. இதுக்குக் கட்டம் ஒரு கேடு, அதுல கறுப்புக் கட்டம் ஒரு கேடு. பேப்பர்க்காரன்தான் போடுதான்னா நீங்களும் உக்காந்து 'நாய்'னு எழுதுதிய.

எனக்குக் குமட்டுது. பஸ் வாடைக்கு இல்ல சார், பஸ்ஸுல எனக்கு ஒண்ணும் செய்யாது. இந்த மாதிரி புதிரைப் பாத்தாத்தான் வயித்தைப் பெரட்டுது.

என் பேரு ஆவுடையப்பன். பாளையங்கோட்டை. கருவூலத்துல சூப்பிரண்டா இருந்து ரிட்டையர் ஆனவன். எங்கிட்ட வந்த பில்லு ஒண்ணாவது ஆட்சேபணை இல்லாம முதல் தடவையே பாஸாச்சுன்னு எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துருதேன். ஒரு சொல்லு கூட இருந்தாலும் திருப்பிருவேன், கொறஞ்சாலும் திருப்பிருவேன். அந்தக் கண்ணு இன்னும் எனக்கு மங்கல. நீங்க திருச்செந்தூரா? நான் குரும்பூர்ல எறங்கணும். அப்ப நேரம் கெடக்கு. நல்ல குறிப்புன்னா எப்படி இருக்கும்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

'வாலறுந்த பல்லி கடிக்கும். ரெண்டு எழுத்து.'

சொல்லுங்க பாப்போம். முழிக்கிய. எல்லாரும் அப்படித்தான் முழிப்பாவ. பல்லி எங்கயாவது கடிக்குமா, வால் போனா தப்பிச்சு ஓடத்தானே செய்யும்னு யோசிப்பாவ. அப்படி யோசிக்க வைக்கிறதுதான் இதுல வேலையே. சுவத்துல இருக்க பல்லியை மறந்துருங்க சார். 'பல்லி'ங்கிற சொல்லைப் பாருங்க. அதுக்கு வால் எது? கடைசி எழுத்து. 'லி'. அது அறுந்தா மிச்சம் என்ன? பல். கடிக்குமா கடிக்காதா?

பாத்தியளா, சிரிக்கிய. நேரா வாசிக்கிறவன் இதுல கெட்டான். நான் நேரா வாசிச்சு வருசக்கணக்காச்சு.

இந்தக் குறிப்பு நான் போட்டதில்ல. வைகுண்டமணி அண்ணாச்சி போட்டது. அவுகளைப் பாக்கத்தான் இப்ப போறேன். பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரா இருந்தவுக. வெயில்ல விசில் ஊதிக்கிட்டுத் திரிஞ்ச மனுசனுக்கு இந்தப் புத்தி எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கும் வெளங்கல. எனக்குப் பக்கத்துத் தெரு. வெத்தலையை மடிச்சு வாயில போட்டா, மென்னு முடிக்கிறதுக்குள்ள அவுக நடையில போய் நின்னுரலாம். கூடப் பொறக்காத அண்ணன்னு வச்சுக்கிடுங்க. என்னைத் தம்பின்னுதான் கூப்புடுவாவ. பேரு சொன்னதே இல்ல.

நாங்க ரெண்டு பேரும் சேந்து வாட்சப்புல ஒரு குழு ஆரம்பிச்சோம். நாப்பது பேருக்கு மேல இருக்காவ, சிங்கப்பூர்ல இருந்துகூட உண்டு. ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி புதிர் போடுவாவ, திங்கக்கிழமை நான் விளக்கம் எழுதுவேன். ஆனா குழுவுக்குப் போறதுக்கு முந்தி ஒவ்வொரு குறிப்பும் எங்கிட்ட வந்துட்டுத்தான் போகும். தெனம் காலையில நான் காப்பி குடிக்கும்போது ஒண்ணு வரும். நான் பாத்து ஆட்சேபணை எழுதித் திருப்புவேன். 'சரி தம்பி'ன்னு மாத்தி அனுப்புவாவ. மறுபடியும் திருப்புவேன். ஒரு நாளாவது மொகம் சுளிச்சதில்ல அந்த மனுசன்.

நான் கேக்கது பெருசா ஒண்ணுமில்ல சார். ரெண்டே சட்டம். ஒண்ணு, குறிப்புல வேலையில்லாத சொல்லு இருக்கப்படாது. ஒவ்வொரு சொல்லும் விடைக்கு ஒழைக்கணும், சும்மா வந்து நிக்கப்படாது. ரெண்டு, முடிவுல விடைக்கு எத்தனை எழுத்துன்னு போடணும். இது ரெண்டும் இல்லாம ஒருத்தன் குறிப்பு எழுதினா அவன் மேல வார கோவத்தை விட எனக்கு அருவருப்புத்தான் வரும்.

இப்ப நடந்த கதைக்கு வாரேன். அதுக்கு முன்னால இன்னொரு குறிப்பு ஒங்களுக்குத் தெரியணும், இல்லாட்டா நீங்களும் ஊர்க்காரன் மாதிரி என்னையத்தான் குத்தம் சொல்லுவிய. அந்த வாரத்துப் புதிர்ல அண்ணாச்சி போட்டது இது. 'பந்துக்கு நெஞ்சு வலித்தால் ஒன்பதைத் தாண்டும். மூணு எழுத்து.' பந்து. ப, ந், து. நெஞ்சுன்னா நடு எழுத்து, 'ந்'. அது மெல்லினம். வலிக்கதுன்னா இலக்கணத்துல மெல்லெழுத்து வல்லெழுத்தா மாறுதது. 'ந்' போய் 'த்' வந்துச்சுன்னா? பத்து. ஒன்பதைத் தாண்டிருச்சா? பி.டி. வாத்தியார் பந்தைத்தானே புடிப்பாவ. அன்னைக்கு நானே கைதட்டுனேன். ஒரு ஆட்சேபணையும் எழுதல.

அது ஞாயித்துக்கிழமை. ரெண்டு நாள் கழிச்சு, அதே காப்பி நேரம், அண்ணாச்சிகிட்ட இருந்து வருது. என்ன வருதுன்னு அப்படியே சொல்லுதேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

'தம்பி நெஞ்சு வலிக்குது. தனியா இருக்கேன். உடனே வா.'

நீங்க என்ன சார், ஐயோங்கிய? நீங்க வெளியாளு, ஒங்களுக்கு அப்படித்தான் தோணும். என் எடத்துல இருந்து பாருங்க. தெனம் குறிப்பு வார நேரம், தெனம் குறிப்பு அனுப்புத ஆளு, ரெண்டு நாளைக்கு முந்திதான் 'நெஞ்சு வலித்தால்'னு எழுதின கை. நான் வேற எப்படி எடுக்க?

முதல்ல நான் 'தனியா'வைப் புடிச்சேன். ஏன்னா அதுதான் முழிச்சுக்கிட்டு நிக்குது. அடுப்படியில இருந்த எம் பொஞ்சாதியக் கூப்ட்டு, ஏட்டி கோமு, தனியாவுக்கு வேற பேரு என்னன்னு கேட்டேன். மல்லி வெதைதான், கொழம்புக்கு வறுக்கணுமா எதுக்கு கேக்கியன்னா. அப்ப விடை மல்லி. ஆனா நெஞ்சு வலிச்சு மல்லி எப்படி வரும்? 'ல்' இடையினம்லா? மண்டையப் போட்டு ஒடைச்சேன். காப்பி ஆறி ஆடை கட்டிருச்சு. 'உடனே'வைத் தலைகீழாப் போட்டுப் பாத்தேன். 'வா'வை முன்னால தூக்கி வச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஒட்டல.

அப்பறம்தான் பொறி தட்டுச்சு. தம்பி. 'தம்பி'ங்கிறது என்னையக் கூப்புடுததுன்னு நெனச்சு முதல்ல விட்டுட்டேன் சார். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே தப்பு அதுதான். த, ம், பி. நடு எழுத்து 'ம்'. அது வலிச்சா 'ப்'. தப்பி! ஒடம்பு அப்படியே சிலுத்துப் போச்சு. வைகுண்டமணி வைகுண்டமணிதான்யான்னு தொடையில தட்டிக்கிட்டேன்.

சந்தோசம் எவ்வளவு நேரம்? மறுபடி வாசிச்சுப் பாத்தா வயிறு எரியுது. 'தப்பி'க்கு முதல் வரி போதும். அப்ப 'தனியா இருக்கேன்' எதுக்கு? 'உடனே வா' எதுக்கு? சும்மா வந்து நிக்கு. எழுத்து எண்ணிக்கையும் கெடையாது. இவ்வளவு நாள் நான் சொல்லிக் குடுத்தது எல்லாம் எங்க போச்சு? இவ்வளவு அசிங்கமா ஒரு குறிப்பு அண்ணாச்சிகிட்ட இருந்து வந்ததே இல்ல. பதில் எழுதினேன். ஆபீஸ்ல எழுதுத மாதிரியே எழுதினேன். 'விடை: தப்பி. தம்பியின் நெஞ்சு வன்மையானது. முதல் வரி ஏற்கப்படுகிறது. பின்னிரண்டு வரிகளும் தேவையற்றவை. நீக்கித் திரும்ப அனுப்பவும்.'

ரெண்டு டிக்கும் நீலமாச்சு. வாசிச்சுட்டாவ. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் கேக்கேன். வாசிச்சவுக, 'தம்பி, இது நெசம்'னு ஒரு வரி தட்டக்கூடாதா? தட்டல. ஒண்ணுமே வரல. சரி, மனுசன் வெக்கப்பட்டுட்டாவ, திருத்திக்கிட்டு இருக்காவன்னு நெனச்சேன்.

நீங்க கேக்க வாரது தெரியுது. முந்தின நாள் சாயந்தரம் அண்ணாச்சியைப் பாத்தேன், பேசினேன். ஒன் மைனி மகளைப் பாக்க குரும்பூர் போயிருக்கா, வெந்நி வைக்கக்கூடத் தெரியாம கெடக்கேன் தம்பின்னுதான் சொன்னாவ. அது வீட்டுப் பேச்சு. அதுக்கும் குறிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல முதல் வரி வீணாப் போகுதேன்னு, நானே பின்னால உள்ளதையும் சேத்து அப்படியே குழுவுல போட்டேன். தேவையில்லாத சொல்லு எப்படி ஒரு குறிப்பைக் கெடுக்கும்னு எல்லாரும் படிச்சுக்கிடட்டும்னு ஒரு நீளமான விளக்கமும் தட்ட ஆரம்பிச்சேன். அந்தக் குழுவுல மங்கையர்க்கரசின்னு மதுரையில ஒரு டீச்சர் உண்டு. பத்துல ஒண்ணு போடத் தெரியாது. பல்லி குறிப்புக்கு விடை 'பூனை'ன்னு எழுதினவ. அவ எழுதுதா, 'ஐயா, இது குறிப்பு மாதிரி தெரியல, யாராவது போய்ப் பாருங்க'ன்னு. எனக்கு எப்படி இருக்கும்? டீச்சர், விடை ஏற்கெனவே சொல்லியாச்சு, புரியலன்னா சும்மா இருங்கன்னு எழுதினேன். அப்ப பாத்து ஒரு ஆம்புலன்ஸு எங்க தெரு வழியாக் கத்திக்கிட்டுப் போகுது. காது கிழியுது. சன்னலைச் சாத்திட்டு வந்து விளக்கத்தை முடிச்சேன்.

அது அண்ணாச்சி வீட்டுக்குத்தான் போயிருக்கு.

மங்கையர்க்கரசி தன் மகன் கல்யாணப் பத்திரிகை அனுப்பினப்ப எழுதி வச்ச அண்ணாச்சி விலாசம் அவகிட்ட இருந்திருக்கு. மதுரையில உக்காந்துக்கிட்டு எங்கயோ போன் அடிச்சுச் சொல்லி வண்டியை அனுப்ப வச்சிருக்கா. கதவைத் தள்ளித் தெறந்து பாத்தா, அண்ணாச்சி நடையில விழுந்து கெடந்தாவளாம். கையில போன் இருந்துச்சாம். டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்னுட்டாராம். ஆனா ஆளு பொழைச்சாச்சு.

இப்ப நான் கேக்கேன் சார். குழுவுல அதைப் போட்டது யாரு? நான். நான் போடாட்டா மங்கையர்க்கரசி கண்ணுல எப்படிப் பட்டிருக்கும்? அப்ப உயிரைக் காப்பாத்தினது யாரு? இதை ஒருத்தன் சொல்லுதானா? இன்னொண்ணும் பாருங்க. நான் சொன்ன விடை என்ன? தப்பி. ஆளு என்ன ஆனாவ? தப்பிச்சுட்டாவ. விடை சரியாத்தானே இருக்கு.

ஆனா ஊரு என்னையத்தான் சீன்னு பாக்குது. எனக்கு அவனுகளைப் பாத்தாத்தான் ஓங்கரிச்சுக்கிட்டு வருது. குழுவுல ஒருத்தன் எழுதுதான், 'ஐயா விளக்கம் நூத்துக்கு நூறு சரி, தம்பியோட நெஞ்சு கல்லுதான்'னு. நாப்பது பேரு அதுக்குக் கைதட்டு பொம்மை போடுதாவ. என் விளக்கத்தை இவ்வளவு பேரு ரசிச்சிருக்காவளேன்னு நான் 'நன்றி'ன்னு போட்டேன். அதுக்கப்பறம் அங்க ஒருத்தரும் எங்கிட்ட பேசல. அன்னைக்கு ராத்திரியே என்னைய வெளிய எடுத்துட்டாவ. நான் ஆரம்பிச்ச குழு சார். இப்ப அதுல விளக்கம் எழுதுதது யாரு தெரியுமா? மங்கையர்க்கரசி. தப்புத்தப்பா எழுதுதாளாம், எல்லாரும் அருமைங்காவளாம். தூ.

வீட்டுலயாவது நிம்மதி உண்டா? கோமு ஒரே ஒரு தடவைதான் பேசினா. "தனியா இருக்கேன்னு ஒரு மனுசன் எழுதினா ஒங்களுக்கு மல்லி வெதையாத் தெரியுது"ன்னா. அவ்வளவுதான். அன்னைக்கு இருந்து காப்பியை மேசையில வச்சுட்டுப் போயிருதா, கையில குடுக்க மாட்டேங்குதா. நீதானட்டி மல்லின்னு சொன்னன்னு கேட்டேன். திரும்பிப் பாக்காம அடுப்படிக்குப் போயிட்டா.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இருப்பனா? எப்படி அந்தத் தப்பு வந்துச்சுன்னு அண்ணாச்சிக்குப் புரிய வச்சா முடிஞ்சு போச்சுன்னு, பந்து குறிப்பையும் தம்பி குறிப்பையும் பக்கத்துல பக்கத்துல எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். அவுக மக பத்திரகனி வாசல்லயே நின்னா. சின்னப் பிள்ளையில என் தோள்ல ஏறி ஆனைச் சவாரி போனவ. "சித்தப்பா, அப்பா ஒங்க பதிலைத் தரையில கெடந்துக்கிட்டு வாசிச்சிருக்காவ"ன்னு மட்டும் சொன்னா. ஆமா, நீலமாச்சே, எனக்குத் தெரியுமேன்னேன். அவ கதவைச் சாத்திட்டா. பிறகு அண்ணாச்சியையும் மைனியையும் குரும்பூருக்கே கூட்டிட்டுப் போயிட்டா. பாளையங்கோட்டை வீடு பூட்டிக் கெடக்கு.

ரெண்டு மாசமாச்சு. காலையில காப்பியோட போனை எடுத்து வச்சுக்கிட்டு உக்காருதேன். ஒண்ணும் வராது. எனக்கு அந்த நேரம் ஒண்ணும் ஓட மாட்டேங்குது சார். நானா குறிப்பு எழுதிப் பாக்கேன், யாருக்கு அனுப்ப? நானே எழுதி நானே ஆட்சேபணை போட்டு நானே திருத்துதேன். ஒரு நாளு பல்லியைச் சுவத்துல பாத்துட்டு அழுகையா வந்துட்டு. சொல்லப்படாது, சொல்லிட்டேன்.

இன்னைக்குக் காலையில வந்துச்சு சார்! அதான் கெளம்பிட்டேன். கோமுகிட்டகூடச் சொல்லல. வழியில ஒரு சீப்பு கதலிப் பழம் வாங்கினேன், அவுகளுக்கு அதுதான் புடிக்கும். என்ன வந்துச்சுன்னு கேளுங்க.

'தம்பி, இனி வர வேண்டாம். இது புதிர் இல்லை.'

சும்மா பாத்தா எப்படி இருக்கு? சும்மா பாக்கப்படாது. முதல் வரியை விடுங்க, ரெண்டாவது வரிக்கு வாங்க. 'இது புதிர் இல்லை.' ஏன் அதை எழுதணும்? புதிர் இல்லாத ஒண்ணை எழுதுதவன், புதிர் இல்லைன்னு எழுதுவானா? நீங்க பால்காரனுக்குச் சீட்டு எழுதினா இது புதிர் இல்லைன்னா எழுதுவிய? அப்ப அதுலதான் விசயம் இருக்கு. புதிர். பு, தி, ர். இல்லைன்னா என்ன? தலையெழுத்து 'பு' இல்ல, வேற தலை. கதிர்? ஒட்டல. முதிர்? ஒட்டல. எதிர். ஆங். இது புதிர் இல்லை, எதிர். எதிர்னா மாத்திப் போடு. 'வர வேண்டாம்'க்கு எதிர் என்ன? வர வேண்டும். தம்பி, இனி வர வேண்டும். எப்படி? ஒரு சொல்லு சும்மா நிக்கல பாத்தியளா. நான் சொன்ன ஆட்சேபணையை மனசுல வச்சுத் திருத்தி எழுதியிருக்காவ. எழுத்து எண்ணிக்கைதான் இல்ல. அதைப் போய்க் கேட்டுக்கிடுவேன்.

என்ன சார், மொகம் ஒரு மாதிரிப் போகுது. நீங்களும் மங்கையர்க்கரசி ஜாதிதானா?

தென்திருப்பேரை தாண்டியாச்சு. இனி கொஞ்சம்தான்.

எதிர்தான் சார். கதிர்னா எனக்கு ஒரு வேலையும் இல்லியே. எதிர்தான் வரும். நான் ஏழெட்டு தடவை போட்டுப் பாத்துட்டேன்.

இந்தாங்க, போனைப் புடிங்க. நீங்க ஒரு தடவை வாசிங்க. எனக்குக் கண்ணாடி மங்கிப் போச்சு, காத்துல தூசி. எழுத்தை எண்ண வேண்டாம். தலையையும் வாலையும் வெட்ட வேண்டாம். பேப்பர்ல இருந்ததை வாசிச்சியள்ல, நாய்னு எழுதினியள்ல, அதே மாதிரி நேரா வாசிங்க. வாய்விட்டு வாசிங்க.

ம்.

இன்னொரு தடவை.

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் வரலியா?

சரி, போனைக் குடுங்க. இந்தப் பழத்தை நீங்க வச்சுக்கிடுங்க சார், வீட்டுல பிள்ளைய இருக்கும். இல்லப்பா கண்டக்டர், விசில் குடு, குரும்பூர்ல நான் எறங்கல. திருச்செந்தூருக்கு ஒரு டிக்கெட் போடு.